துரைக்கு எட்டுச் செலவு

சோறு வைத்து வெகுநேரமாகியும் ஒரு காகம்கூட வரவில்லை.

எதிர்க் கட்டடத்தின் கூரையில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. என் கணவர் பேரின்பநாயகம் ஒன்பதாம் மாடி நடைவழியில் நின்று, கைப்பிடிச் சுவரில் வைத்த வாழையிலையைக் காட்டி, "கா... கா..." என்று தொண்டை வறள அழைத்துக்கொண்டிருந்தார். அவை இவரைப் பார்த்தன. பிறகு சாவகாசமாக அலகைத் தீட்டிக்கொண்டன.

காகம் கொத்தாமல் அவர் சாப்பிட மாட்டார். காலையிலேயே சர்க்கரைக்கான மாத்திரையை விழுங்கியிருந்தார். வெறும் வயிற்றில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவருடைய விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில், ஒருவர் இறந்த எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்போம். எட்டுச் செலவு என்று பெயர். எங்கள் வீட்டில் முதல் பங்கு காகத்துக்கு. அது வந்து வாய் வைத்தால், போனவரே வந்துவிட்டார் என்று மனம் ஆறுவோம். அதன் பிறகுதான் வீட்டாருக்கு இலை.

இன்றைய இலையில் சோறு, மீன் குழம்பு, பொரித்த நெத்திலி, அவித்த முட்டை, ஓரத்தில் இரண்டு பிஸ்கட். எல்லாம் துரைக்குப் பிடித்தவை.

துரை எங்கள் வளர்ப்புக் காகம்.

காகத்துக்கு எட்டுச் செலவா என்று நீங்கள் சிரிக்கலாம். இலை வாங்குவதற்காக இவர் விடிந்ததும் தேக்காச் சந்தைக்கு ஓடியபோது நானும் தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே நெத்திலியையும் பொரித்தேன். துரையோடு பழகியிருந்தால் நீங்களும் பொரித்திருப்பீர்கள்.

இங்கே பாசிர் ரிஸில் ஒரு பெருமழைக்குப் பிறகு, கார் நிறுத்துமிடத்து மரத்தடியில் கிடந்த குஞ்சு அவன். ஒரு சிறகு கோணல். பறக்க வராது. இவர் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். சனீஸ்வரனின் வாகனத்தை வீட்டுக்குள் விடுவதா என்று நான் சண்டை பிடித்தேன். என் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அன்றைக்கே துரையின் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

பறக்க முடியாதவன் நடந்தான். அந்த நடை இருக்கிறதே! கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றி வரும் பெரிய அதிகாரி தோற்றுப்போவார். துரை என்று பெயர் வைத்தது அதனால்தான்.

ரொட்டிப் பையைக் கிழிக்க மாட்டான். முடிச்சை அவிழ்ப்பான். பிஸ்கட் கடினமாக இருந்தால் என் தேநீரில் நனைத்துத் தின்பான். நனைக்கும் முன் ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பான். அனுமதிக்காகக் காத்திருந்ததில்லை, ஆனால் பார்ப்பான்.

மின்தூக்கி ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை எங்கள் மாடியில் நிற்கும். அவன் அசைய மாட்டான். இவர் வரும்போது மட்டும் கதவடியில் போய் நிற்பான். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தான் தின்று மிஞ்சிய கெரோப்போக் என்கிற இறால் அப்பளத்தை இவருடைய காலணிக்குள் ஒளித்துவைப்பான். ஒருநாள் எம்ஆர்டி ரயிலில் காலுக்கடியில் ஏதோ நொறுங்க, இவர் கழற்றிப் பார்த்திருக்கிறார். "எனக்கும் பங்கு வச்சிருக்கிறான்" என்று வீட்டுக்கு வந்து எப்படிப் பூரித்தார்!

நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, துணி உலர்த்தும் கவ்விகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் தலையணையில் வைத்தான். அவன் சேர்த்த சொத்தே அவ்வளவுதான். அவ்வளவு பெரிய மனம் நான் பார்த்த மனிதர்களில் அதிகம் பேருக்கு இல்லை.

போன வாரம் சமையலறை மூலையில், தலையைச் சிறகுக்குள் செருகியபடியே போய்விட்டான்.

"இஞ்சேருங்கோ, ஒரு வாயாவது சாப்பிடுங்கோ" என்று கெஞ்சினேன்.

"காகம் தொடாமல் எனக்கு ஒரு பருக்கையும் வேண்டாம்."

சொல்லிவிட்டு இன்னும் உரக்கக் கூப்பிட்டார். குரல் உடைந்தது. கால் தள்ளாடியது. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

செல்லக்கண்ணு. சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற இரவு வேலை அவருக்கு. பகலில்தான் தூக்கம். துரை கரைகிறான் என்று எங்கள் வாசலில் வந்து எத்தனையோ முறை கத்தியிருக்கிறார். பிறகு முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார். காகத்துக்குச் சோறு வைத்தால் இந்த ஊரில் அபராதம். அவர் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்.

கைலியும் சிவந்த கண்ணுமாக வந்தவர் இலையைப் பார்த்தார். பிஸ்கட்டைப் பார்த்தார். இவருடைய நடுங்கும் கையைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"துரைக்கு" என்றேன்.

அவர் எதிர்க் கூரையை நிமிர்ந்து பார்த்தார். காகங்கள் அப்படியே இருந்தன.

"அதுங்க வராது லா" என்றார். "மனுஷன் செத்தா காக்கா வரும். காக்கா செத்தா மனுஷன்தானே வரணும்?"

கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, சோற்றைக் குழம்போடு பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். அவசரமில்லாமல் மென்றார். அடுத்து நெத்திலியை எடுத்தார்.

என் கணவர் கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"துரை வந்திட்டான், ராணி. இலையைப் போடும்."