டவாலி

ஆட்சி மாறும்போதெல்லாம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். போன ஆட்சி கூட்டியதில் என் மனைவி பொற்கொடி நீதிபதியானாள். நான் வக்கீலாகவே இருந்தேன்.

அவள் காய்கறி வாங்கப் போனாலும், சிவப்புப் பட்டை போட்ட டவாலி மாசிலாமணி முன்னால் நடந்து கூட்டத்தை விலக்குவார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். நானும் அவளும் ஒரே சட்டக் கல்லூரி. மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். அந்தப் பட்டையைப் பார்த்தாலே வயிறு எரியும்.

"உங்களுக்கும் ஒரு நாள் கெடைக்கும்," என்பாள். அதைக் கேட்டால் இன்னும் எரியும்.

இந்த ஆட்சியும் கூட்டியது. இன்று காலை எனக்கு நியமன உத்தரவு வந்தது. நேராக வாசலுக்குப் போனேன்.

"மாசிலாமணி, இனிமே எனக்கும் முன்னால நீங்கதான் நடக்கணும்."

"நடக்கத்தாங்க போறேன்," என்றபடி அவர் பட்டையைக் கழற்றி மடித்தார்.

"அதை ஏன் கழட்டுறீங்க?"

"எனக்கும் ஜட்ஜ் உத்தரவு வந்திருக்குங்கய்யா. சீனியாரிட்டியில உங்களுக்கு முன்னாடி."

பொற்கொடி காய்கறிப் பையோடு வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். பையை என்னிடமே நீட்டினாள்.