கதவைப் படம் பிடிக்க வந்தவள்

மதில் சூழ்ந்த அந்தக் கடற்கரை ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த சௌந்தரவல்லி, பழைய வீடொன்றின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதைக் கண்டு, இதுவும் அருங்காட்சியகம்தான் என்று கேமராவோடு உள்ளே போனாள்.

“டிக்கெட் எங்கம்மா வாங்கணும்?”

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். நடுவில் ஒரு கிழவரைக் கிடத்தியிருந்தார்கள்.

கூசிப்போய்த் திரும்பியவளின் கையை இறந்தவரின் மகள் பிடித்துக்கொண்டாள். “போயிடாதீங்கக்கா. அப்பாவ ஒரு படம் எடுத்துக் குடுங்க. எங்க கதவைப் படம் புடிக்க ஊர்ப்பட்ட பேர் வர்றாங்க. ‘பெரியவரே, தள்ளிக்குங்க’ன்னு இவர நகத்திட்டுத்தான் எடுப்பாங்க. இவரு படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல.”

காலையிலிருந்து மூன்று வாசல்களில் சௌந்தரவல்லியும் ‘தள்ளிக்குங்க’ என்றுதான் சொல்லியிருந்தாள்.

கேமராவை உயர்த்தினாள். பெண்கள் குனிந்து, அவர் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்கள். தள்ளிக்கொள்ளச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.