குளிப்பாட்டின மாடல்கள்

“போச்சுடி! எல்லாத்துக்கும் பெயின்ட் அடிச்சுட்டாங்க!”

லேப் வாசல்லயே தலையில கை வெச்சு உக்காந்துட்டா வானொலி. வாயை மூடவே மாட்டா, அதான் அந்தப் பேரு. பின்னாடி கொட்டாவி விட்டுக்கிட்டு வந்த தூங்கிக்கு, வந்த தூக்கம் அப்படியே திரும்பிப் போயிடுச்சு.

உள்ள மேஜை மேல வரிசையா படிக மாடல்கள். கம்பியில குண்டு கோத்த கூண்டு மாதிரி இருக்கும். குண்டுதான் அணு. அதுங்க எந்த ஒழுங்குல திரும்பத் திரும்ப அடுக்கியிருக்குன்னு பாத்து, எந்த ஸ்பேஸ் குரூப்னு சொல்லணும். மொத்தம் இருநூத்தி முப்பது ரகம். செய்முறைப் பரீட்சையில ஆளுக்கு ஒரு மாடல். சொன்னா பாஸ், முழிச்சா ஃபெயில்.

ஒழுங்கை யாரு பாத்தா? சீனியருங்க விட்டுட்டுப் போன சீட்டு ஒண்ணு இருந்துச்சு. கம்பி வளைஞ்சிருந்தா இது, டீக்கறை இருந்தா அது, குண்டு காணாமப் போய் சட்டை பட்டன் கட்டியிருந்தா பி டூ ஒன் பை சிங்கிற ரகம். அம்புட்டுதான் படிப்பு.

இப்ப கம்பியெல்லாம் விறைப்பா நிக்குது. கறையைக் காணோம். பட்டன் இருந்த இடத்துல புதுக் குண்டு.

“மேடம், பழைய மாடலெல்லாம் எங்க மேடம்?”ன்னு கேட்டா தூங்கி.

“இதுதான் பழசு. குளிப்பாட்டி விட்டிருக்கேன்,”னாங்க மேடம், பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டே.

“பரீட்சைக்கு மூணே வாரம்தான் மேடம் இருக்கு!”

“அதனாலதான் சொல்றேன், உக்காரு. இதை எடு. சுத்து.”

தூங்கி எடுத்தா, சுத்தினா, ஒண்ணும் புரியல. இந்தப் பேப்பர்ல ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாச்சு. டைல்ஸ் கம்பெனி லேப்ல அவளுக்கு வேலை ரெடி. இந்தத் தடவையும் போச்சுன்னா வேற ஆளைப் போட்டுக்குவோம்னு சொல்லிட்டாங்க. வீட்ல அக்கா காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, “படிச்சியாடி?”ன்னு கேக்குறதும், இவ “ம்”ங்குறதும் தினப்படி பூஜை.

“வேணும்னே பண்றாங்கடி,”ன்னா வானொலி. மூக்குல இல்லாத கண்ணாடியை ஒரு விரலால ஏத்தி விட்டு, அச்சு அசலா மேடம் குரல்ல, “‘சுத்து... சுத்திப் பாரு... என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? மாடலைப் பாரு’.”

எப்பவும் விழுந்து விழுந்து சிரிக்கிற கூட்டம், அன்னிக்கு ஒருத்தியும் பல்லைக் காட்டல.

பிரின்சிபாலுக்குப் புகார் போச்சு. முதல் கையெழுத்து தூங்கியோடது. மறுநாளே மேடத்தைக் கூப்பிட்டு விட்டாரு. பொண்ணுங்க ஜன்னலுக்கு வெளிய காதை வெச்சுக்கிட்டு நின்னாங்க.

“பரீட்சை நேரத்துல இந்த வேலை தேவையாம்மா?”

“அழுக்கா இருந்துச்சு சார்.”

“பிள்ளைங்க பயப்படுதுங்களே!”

“பயப்படட்டும் சார்.”

கையில மெமோவோட வெளிய வந்த மேடம், புகார் கொடுத்த கூட்டத்தை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தாங்க. “சாயங்காலம் நாலு மணி. லேப். எல்லாரும்.”

“கல்லுடி அது. அதான் படிகப் பாடம் எடுக்குது,”ன்னா வானொலி.

அப்புறம் தினமும் அதே கூத்து.

“இந்தக் குண்டைப் பாரு. அச்சைப் பிடிச்சு பாதிச் சுத்து. அப்படியே பாதி உயரம் மேல ஏத்து. என்னாச்சு?”

“இன்னொரு குண்டு மேல போய் உக்காந்துக்குது மேடம்.”

“அதான் திருகு அச்சு. வளைஞ்சு வளைஞ்சு போற மாடிப்படி ஏறினதில்லையா நீ? சரி, இப்ப நடுவுல கண்ணாடி வெச்சுப் பாரு. பொருந்துதா?”

“இல்ல மேடம்.”

“கண்ணாடில பாத்துட்டு, பாதி தூரம் பக்கத்துல தள்ளு.”

தூங்கி தள்ளினா. “அட, பொருந்துது!”

“அதான் சறுக்கு. அடுத்ததை எடு.”

பரீட்சை அன்னிக்கு தூங்கியோட முறை வந்துச்சு. உள்ள போனா, மேஜை மேல மேடத்தோட மாடல் ஒண்ணு கூட இல்ல. வெளியூர்லேருந்து வந்த எக்ஸாமினர், தன் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் மாடலை எடுத்து நீட்டினாரு. ஜென்மத்துல பாத்திராத மாடல். பக்கத்து நாற்காலியில மேடம். செவுத்தைப் பாத்துக்கிட்டு, சிலை மாதிரி.

தூங்கி மாடலை வாங்கினா. கை தன்னால சுத்துச்சு. பாதிச் சுத்து. பாதி ஏத்து. உக்காந்துச்சு. கண்ணாடி... இல்ல. தள்ளு... பொருந்துச்சு.

“பி... பி டூ ஒன் பை சி, சார்.”

“எப்படிச் சொல்ற?”

சொன்னா. ஒரு மூச்சுல சொன்னா.

பேனாவை மூடி வெச்சாரு எக்ஸாமினர். “பரவால்லம்மா, இந்த காலேஜ்ல எல்லாருமே சுத்திப் பாத்துச் சொல்றீங்க. போன வாரம் ஒரு காலேஜ்ல பாதிப் பேர் அவுட். இந்த மாடலைக் கையில கொடுத்தா, திருப்பித் திருப்பி கறை எங்கன்னு தேடுதுங்க!”

மேடம் அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்து வெளிய போனாங்க. அவரு குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

“மாடல் நாங்கதான் கொண்டு வருவோம்னு ஒரு மாசம் முன்னாடியே உங்க மேடத்துக்கு ரகசியமா கடிதம் போட்டோம். வெளிய விட்டா வேலையே போயிடும்னும் எழுதியிருந்தோம். உண்மையைச் சொல்லு, உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

“சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல சார்,”ன்னா தூங்கி. பெயின்ட் மட்டும்தான் அடிச்சாங்கன்னு தொண்டை வரைக்கும் வந்ததை, எச்சிலோட சேத்து முழுங்கிட்டா.