ரெண்டு லென்ஸ், ஒரு சிரிப்பு

மேதாவின் சிரிப்பைப் பிடிக்க ஒரு லென்ஸ் எழுபதாயிரம், இன்னொன்று ஒன்றரை லட்சம். காலையிலிருந்து போனி ஆகாத டில்லி கேமராக் கடையில், வடிவேல் இரண்டு ஜூம் லென்ஸையும் மேசைமேல் வைத்தான்.

“இது, கை ஆடினாலும் படம் ஆடாது மாமி. விலை கூடினது, இருட்டுலயும் பளிச்சுனு எடுக்கும்.”

“ரெண்டும் ஒண்ணுலயே வராதா?” என்றாள் ருக்மிணி.

“வரும். விலையைக் கேட்டா சாருக்குக் கை ஆடும்.”

ராமசுப்ரமணியன் தன் கேமராவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, பட்டுப்புடவையில் நின்ற மகள் மேதாவை எடுத்துத் தள்ளினார்.

“ஏன்னா, முதல்லதுதான் தேவலை.”

“இல்லடி, இதுல மூஞ்சி தெளிவா இருக்கு.”

“அப்போ அதையே இன்னொரு தரம் போடுங்கோ.”

எது உசத்தி என்று வடிவேலுக்கே குழம்பிவிட்டது. கடைசியில், “யோசிச்சுண்டு வரோம்ப்பா” என்று மூவரும் கிளம்பினார்கள்.

கேமராவின் மூடி மேசையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வடிவேல் பின்னால் ஓடினான். படிக்கட்டில் நின்று அவர்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒன்றரை லட்சத்துல எடுத்ததையே மாப்பிள்ளையாத்துக்கு ஜாதகத்தோட அனுப்பிடுங்கோ,” என்றாள் ருக்மிணி. “பின்னாடி எல்லாம் மங்கிடுத்து. கடைன்னே தெரியலை. மத்ததுல விலைப்பட்டியலே தெரியறது!”

வடிவேல் மூடியை நீட்டினான்.

“கல்யாணத்துக்கு லென்ஸ் நம்ம கடையிலதான் எடுக்கணும் மாமி. அதுவரைக்கும் இந்தப் படம் பாக்கி.”