குடைக்காரர் வீட்டுச் சொந்தம்

"கதவைத் திறங்க."

குடை ரிப்பேர்காரர் அசையவில்லை. மூடிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். உள்ளே தூங்குறாங்க."

"தூங்குறாங்களா? ஒண்டிக்கட்டைன்னு சொல்லித்தானே வீடு வாங்கினீங்க? யாரு தூங்குறது?"

வீட்டு வசதி அதிகாரிக்குப் பின்னால் குடியிருப்பே கூடிவிட்டது. ரோட்டோரம் படுத்துக் கிடந்தவர்களுக்கென்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடுகள் அவை. உள்வாடகைக்கு விட்டால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடியும் ரோட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். குடைக்காரருக்கு இது தெரியாதா என்ன?

புகார் கொடுத்தது மேல்வீட்டுக்காரி.

"தினமும் பாக்குறேன் மேடம். இவரு படிக்கட்டுக்கு அடியில சுருண்டு படுத்துக்குறாரு. உள்ள வேற யாரோ குடித்தனம் நடத்துறாங்க. என் தங்கச்சி வீடு கிடைக்காம இன்னும் பஸ் ஸ்டாண்டுல கிடக்கா. இவருக்கு வாடகை கேக்குது!"

அவள் ஆத்திரத்திலும் நியாயம் இருந்தது.

அதிகாரி குடைக்காரரை விலக்கிவிட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் வாட்டசாட்டமான ஆள். ஆனால் தலை நிமிரவில்லை. பின்னால் பாயில் ஒரு பெண், மடியில் பச்சைக் குழந்தை.

"யாருங்க நீங்க?"

"வேலை போயிடுச்சுங்க. வேலையோட கொடுத்த ரூமும் போயிடுச்சு. இது என் பொண்ணு, பிள்ளை பெத்தவ. இவரு எங்ககிட்ட ஒரு பைசா வாங்கலைங்க."

அதிகாரி குடைக்காரரிடம் திரும்பினார்.

"வாடகை வாங்கலைன்னாலும் அந்நியரை வைக்கக் கூடாது. சொந்தக்காரங்கன்னா மட்டும் கொஞ்ச நாள் தங்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவரு உங்களுக்கு யாரு?"

'நல்லா யோசிச்சு' என்பதை அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

குடைக்காரர் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"அண்ணன்."

அப்போதுதான் மேல்வீட்டுக்காரி எட்டி அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவி! இவனா? மேடம், அண்ணனாவது தம்பியாவது, அத்தனையும் பொய்! இவன் கடைத்தெரு வாட்ச்மேன். நாங்கல்லாம் கடை வாசல்ல படுத்திருந்தப்போ, விடியுறதுக்குள்ள மூஞ்சியில வாளித் தண்ணிய ஊத்தி விரட்டினவன். முதல் வாளியே இந்தக் குடைக்காரருக்குத்தான். வேணும்னா அவரையே கேளுங்க!"

கூட்டம் கொந்தளித்தது. சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். வாட்ச்மேன் கூனிக்குறுகி நின்றார்.

"இந்தம்மா சொல்றது உண்மையா?" அதிகாரியின் குரல் கடுமையானது. "பொய் சொன்னா உங்க வீடும் போயிடும், தெரியும்ல?"

குடைக்காரர் வாட்ச்மேனை ஒரு முறை பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தினது உண்மைதான் மேடம். தூங்குறவன் மூஞ்சியில தண்ணி ஊத்தி எழுப்புற உரிமை, கூடப் பிறந்தவனைத் தவிர வேற யாருக்கு மேடம் இருக்கு?"