சின்னையா போட்ட புதிர்

அரியமங்கலம் பட்டறையில் ஃபிட்டராக இருந்த மருதை, பூவும் பழமுமாக அம்மாவோடு லால்குடிக்குப் பெண் பார்க்கப் போனான். பெண்ணைக் காணோம். அவள் அப்பா சின்னையாதான் எதிரே உட்கார்ந்து புதிர் போட்டார்.

"தம்பி, ஒரு ஆயில் இன்ஜின். டேங்க் நிறைய டீசல் இருக்கு. ஆனா அஞ்சு நிமிஷம் ஓடிட்டு நின்னுடுது. ஏன்?"

"ஃபில்டர் அடைச்சிருக்கும்ங்க."

"இருங்க, வெத்தலை எடுத்துட்டு வரேன்" என்று கொல்லைப் பக்கம் போனவர், வெறுங்கையோடு திரும்பினார். "ஃபில்டர் சுத்தமா இருக்குன்னு வச்சுக்குங்க?"

"அப்ப பைப்புல காத்து பூந்திருக்கும்."

சின்னையா இந்தத் தடவை பாக்கு எடுக்கப் போனார். அதுவும் வரவில்லை. "காத்தும் இல்லைன்னா?"

மருதைக்கு வேர்த்துவிட்டது. இதில் தோற்றால் பெண்ணைக் கண்ணிலேயே காட்டமாட்டார் போலிருக்கிறதே!

"டேங்க் மூடியில காத்து உள்ள போக பொடி ஓட்டை ஒண்ணு இருக்கும். அது அடைச்சா டீசல் இறங்காதுங்க."

சின்னையா சுண்ணாம்பு எடுக்க ஓடினார். சற்று நேரத்தில் கொல்லையில் ஓர் இன்ஜின் டுப்டுப்பென்று ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லை.

கை முழுக்கக் கிரீஸும் அவிழ்ந்த கொண்டையுமாக உள்ளே வந்தாள் அமிர்தம்.

"இவதாங்க பொண்ணு" என்றார் சின்னையா. "இன்ஜின் ஓடினாத்தான் அலங்காரம்னுட்டா. கேள்வியெல்லாம் அவளோடதுதான். நீங்க ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க."

மருதை ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஓட்டையை எதால குத்துனீங்க?"

அமிர்தம் எண்ணெய் படிந்த கொண்டை ஊசியைக் காட்டினாள்.

மருதை திரும்பினான். "அம்மா, பூவை வச்சுவிடு."