ஸ்ரீலக்ஷ்மியின் முதுகுவலி

“இனிமே நான் ஆடப் போறதில்ல, அன்பு” என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்ரீலக்ஷ்மிக்குக் குரல் உடைந்துவிட்டது. வடக்கு மாட வீதி ஓட்டலின் மாடியில், எதிரே உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

“இன்னாக்கா சொல்ற?”

முதுகுத்தண்டில் தேய்மானமாம். இன்னும் ஒரு வருஷம் ஆடினால் அப்புறம் குனிந்து செருப்பு மாட்டுவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே ஸ்ரீலக்ஷ்மியின் கை தானாக இடுப்புக்குப் போனது.

முதுகுக்கு ஒரு கேடும் இல்லை. அன்று காலையில்கூட வெயில் ஏறும்வரை அடையாறு டென்னிஸ் கோர்ட்டில் சர்வீஸ் போட்டுப் பழகிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பெண் அவள். ஒற்றையர் ஆட்டத்தில் பெரிதாக எதுவும் வாய்க்காமல் இரட்டையருக்கு வந்தவள். அன்புச்செல்வி, ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பத்துப் பெண். பள்ளியில் படித்தபோது ஓர் இலவச முகாமில் மட்டையைப் பிடித்தவள், இன்னும் விடவில்லை.

இரண்டு பேரும் ஜோடி சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. ஸ்ரீலக்ஷ்மி வலப்பக்கம், அன்பு இடப்பக்கம். தாஷ்கண்டிலும் துனீஸிலும் ஒரே அறையில் தங்கி, ஒரே குக்கரில் சாதம் வைத்துத் தின்று, ஒரு தடவை மெல்போர்னில் காலிறுதிவரை போயும் வந்தார்கள்.

அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் அன்புவின் சர்வீஸ்தான் காரணம் என்று ஸ்ரீலக்ஷ்மி மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். வெளியே சொன்னதில்லை. அவ்வளவு நாகரிகம் உண்டு.

முந்தாநாள் ப்ராக் நகரத்திலிருந்து ரகுபதி போன் செய்தார். அசோக் நகரில் பிறந்து வளர்ந்து, இப்போது அங்கே பயிற்சியாளராக இருப்பவர். அவரிடம் ஆடும் யெலேனா உலகத் தரவரிசையில் முன்வரிசைக்காரி. வருகிற சீசனுக்கு அவளுக்கு ஒரு ஜோடி வேண்டும்.

யெலேனாவும் வலப்பக்கம் ஆடுகிறவள்தான், உன்னால் இடப்பக்கம் மாறிக்கொள்ள முடியுமா என்று அவர் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். கோர்ட்டுக்கு வெளியே நின்று ஆடச் சொன்னாலும் ஆடியிருப்பாள் ஸ்ரீலக்ஷ்மி. வயது முப்பத்துநாலு. யெலேனாவோடு சேர்ந்தால் பெரிய போட்டி எல்லாவற்றிலும் நேரடியாக இடம் கிடைக்கும். இப்படி ஒரு கதவு இன்னொரு தடவை திறக்காது.

ஆனாலும், அன்புவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பதில் தருகிறேன் என்று அவகாசம் கேட்டாள். நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு, அதுவரை யாருக்கும் உறுதியில்லை என்றார் ரகுபதி.

உன்னைவிட நல்ல ஜோடி கிடைத்துவிட்டது என்று மூஞ்சிக்கு நேரே எப்படிச் சொல்வது? அதற்கு வழி சொன்னவன் புருஷன் அச்யுத். முதுகு போய்விட்டது, ஆட்டத்தை விடுகிறேன் என்று சொல்லிவிடு. ஒரு மாசம் கழித்து முதுகு தேறிவிட்டது, அந்த நேரம் பார்த்து யெலேனா கூப்பிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். யார் மனசும் புண்படாது என்றான் அவன்.

அன்பு சத்தம் போட்டு அழவில்லை. துப்பட்டா நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு, தனக்கு டெங்கு வந்தபோது ஜகார்த்தா ஆஸ்பத்திரியில் ஸ்ரீலக்ஷ்மி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததைப் பற்றிப் பேசினாள். ஸ்ரீலக்ஷ்மியும் அழுதாள். இந்த அழுகை அச்யுத்தின் திட்டத்தில் இல்லை, நிஜமாகவே வந்தது.

“வேற டாக்டர் யாரையாவது பாக்கலாமாக்கா? பெருங்குடில ஒருத்தர் கீறாரு, நல்லா பாப்பாரு.”

“வேண்டாம்டி. ரெண்டு மூணு பேர்கிட்ட காட்டியாச்சு. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றா.”

அன்பு ஜன்னல் பக்கம் பார்த்தாள். கபாலி கோயில் கோபுரத்து விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. திரும்பி, ஸ்ரீலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. கொஞ்ச நாள் கழிச்சு சரியாப் போச்சுன்னு திரும்பி வருவியா? வருவேன்னா சொல்லு, நான் எவ்ளோ நாள் வேணா காத்துக்கினு இருக்கறேன்.”

ஸ்ரீலக்ஷ்மிக்குப் பகீரென்றது. இவள் காத்திருந்தால் எல்லாம் கெட்டது.

“வர மாட்டேன், அன்பு. நீ உன் வழியைப் பாரு.”

“அந்தக் கபாலி மேல சத்தியமா?”

கோபுரம் இருந்த பக்கம் திரும்பாமலே ஸ்ரீலக்ஷ்மி சொன்னாள். “சத்தியமா.”

அன்பு நீளமாக மூச்சு விட்டாள். பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது, எதையோ பறிகொடுத்த மாதிரியும் இருந்தது அவள் முகம்.

“போன வாரம் ஒருத்தர் கேட்டாருக்கா. உன்ன நடுவுல உட்டுட்டு எப்டி போறதுன்னு, முடியாதுன்ட்டேன். ரெண்டாவது வாட்டியும் கேட்டாரு, அப்பவும் அதான் சொன்னேன். இனிமே இன்னா இருக்குது.”

சொல்லிக்கொண்டே அவள் போனை எடுத்து நம்பரைத் தட்டினாள். அக்காவிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று, எழுந்துகூடப் போகாமல் அங்கேயே காதில் வைத்துக்கொண்டாள்.

“ரகுபதி சார், அன்பு பேசறேன். யெலேனாகிட்ட நான் வரேன்னு சொல்லிடுங்க.”